ஜன்னல் வெச்ச ரூம் எவ்வளவுங்க?

லாட்ஜுக்கும் பிசினஸ் ஹோட்டலுக்கும் என்ன வித்தியாசம்? லாட்ஜுக்கு நாம் சோப்பு கொண்டுபோக வேண்டும். பிசினஸ் ஹோட்டலிலிருந்து நாம் சோப்பு கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான்!

ஸ்டார் ஹோட்டல் தனி ரகம். அங்கே உள்ளே போகும்போது மீசைக்காரர் நமக்கு சல்யூட் அடிப்பார். பில்லைப் பார்த்ததும் நாம் அவருக்கு சல்யூட் அடித்துவிட்டு வந்துவிடுவோம். அந்த வம்பெல்லாம் வேண்டாம். ராத்திரிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம், ஏ.ஸி., லிஃப்ட், ஓசி டிபன், கூப்பிட்டால் வரும் ரூம் பாய்... இந்த நடுவாந்திர ஹோட்டல்களில்தான் இந்தியாவின் வியாபாரமே தூங்கி எழுந்து பல் தேய்க்கிறது. பி.காம். படித்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

2025 அக்டோபரில் கோயமுத்தூரில் ஒரு தொழில் கண்காட்சியைப் பற்றி எழுதித் தரும் வேலை வந்தது. மூன்று ராத்திரி தங்கல். இடம், காந்திபுரம்.

காந்திபுரத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கோவையில் 'எந்த ஊருக்குப் போகணும்' என்பதைவிட, 'எந்த பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும்' என்பதுதான் பெரிய கேள்வி. மதுரை, திருச்சி என்றால் சிங்காநல்லூர். பொள்ளாச்சி, பாலக்காடு என்றால் உக்கடம். ஊட்டி, மேட்டுப்பாளையம் என்றால் மேட்டுப்பாளையம் ரோடு. திருப்பூர், ஈரோடு, சேலம், சத்தி என்றால் காந்திபுரம். அதோடு டவுன் பஸ்ஸுக்கு ஒன்று, தொலைதூர அரசு பஸ்ஸுக்கு ஒன்று, ஆம்னி பஸ்ஸுக்கு ஒன்று என்று காந்திபுரத்திலேயே ஒரு குடும்பம் இருக்கிறது. இந்தப் பக்கம் நகையும் துணியுமாக கிராஸ்கட் ரோடு, அந்தப் பக்கம் நூறடி ரோடு, தலைக்கு மேலே பாலம். நடுவிலே நம்பர் போட்ட வீதிகளில் இடம் கிடைத்த இடத்திலெல்லாம் ஹோட்டல்!

இத்தனை சந்தடியிலும் ஊர்க்காரர்கள் மட்டும் மரியாதையை விடுவதில்லை. என் காலை மிதித்த ஆட்டோக்காரர்கூட, "ஏனுங்க, கால கொஞ்சம் உள்ள வெச்சுக்கக் கூடாதுங்களா?" என்றார். மிதி வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன். சென்னையில் இதே விஷயத்துக்கு என் பரம்பரையையே விசாரித்திருப்பார்கள்.

ரிசப்ஷனில் வழக்கம்போல சுவரில் நான்கு கடிகாரங்கள். லண்டன், நியூயார்க், டோக்கியோ, இந்தியா. அங்கே தங்குகிறவர்களில் பாதிப்பேர் ஈரோட்டிலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்கு டோக்கியோவில் மணி என்ன என்று தெரிந்து என்ன ஆகப் போகிறது? போகட்டும். நம் இந்தியக் கடிகாரம் ஏழு நிமிஷம் ஃபாஸ்ட். இதைக் கவனிக்காமல் விடாதீர்கள், காரணம் இருக்கிறது.

தமிழ்நாட்டின் நடுவாந்திர ஹோட்டல்கள் பலவற்றில் இருபத்துநாலு மணி நேர செக்-அவுட் உண்டு. இதன் அருமை கணக்குப் போட்டால்தான் தெரியும். சென்னையிலிருந்து ராத்திரி ரயில் பிடித்து விடிகாலையில் கோவையில் இறங்குகிறீர்கள். ஆறரை மணிக்கு ரூம். பகலெல்லாம் வேலை. ராத்திரி ஒன்பது மணிக்குக் கிளம்பி மறுபடி ரயில். இருபத்துநாலு மணிக் கணக்கில் ஒரு நாள் வாடகை. அதுவே 'மதியம் பன்னிரண்டு மணிக்கு செக்-அவுட்' என்றால், காலையிலிருந்து மதியம் வரை ஒரு நாள், மதியத்திலிருந்து ராத்திரி வரை ஒரு நாள் என்று இரண்டு நாள் வாடகை கேட்க வழியிருக்கிறது. தூங்கவே இல்லை, இரண்டு ராத்திரிக்குப் பணம்! எனவே ரூம் கேட்கும்போது ஏ.ஸி. உண்டா என்று கேட்பதற்கு முன்னால் செக்-அவுட் எப்படி என்று கேளுங்கள். உள்ளே வந்த நேரத்தை கார்டில் எழுதும்போது உங்கள் கைக்கடிகாரத்தையும் பாருங்கள். அந்த ஏழு நிமிஷத்தில் அரை நாள் வாடகை ஒளிந்திருக்கலாம்.

ரூமுக்கு வருவோம். கார்டை சொருகினால் லைட் எரியும். எடுத்தால் அணையும். இதற்கு முதல் பலி, சார்ஜில் போட்டுவிட்டு வெளியே போன செல்போன். வெந்நீர் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. பாத்ரூமில் ஷவர் பளபளவென்று இருக்கும், ஆனால் நம்ம ஆட்கள் தேடுவது பக்கெட்டையும் மக்கையும்தான். குழாயில் வரும் தண்ணீர் சிறுவாணியா என்று ரூம் பாயிடம் ஆசையாகக் கேட்டேன். "சார், பாட்டில் வாங்கிக்கங்க" என்றான். இந்த ஊரில் அதைவிட சோகமான பதில் இருக்க முடியாது.

காலை டிபன் இலவசம் என்றால் நம் ஜனங்களின் நிதானத்தை நீங்கள் பார்க்க வேண்டுமே! அனுபவசாலி முதலில் ஒரு ரவுண்டு சும்மா வருவார். கார்ன்ஃப்ளேக்ஸ், பப்பாளி, பிரெட்டு எல்லாவற்றையும் பார்வையாலேயே தள்ளுபடி செய்வார். அப்புறம் நேரே வடை. மதியச் சாப்பாட்டுச் செலவை மிச்சம் பண்ணும் திட்டத்தோடு வடையைப் பொங்கலுக்கு அடியில் புதைக்கும் வித்தையை அங்கேதான் கற்றேன்.

கற்றுக்கொடுத்தவர் எதிரே உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசிருக்கும். மதுரைக்காரர். பம்பு மோட்டாருக்கான செம்பு வைண்டிங் வயர் விற்கிற கம்பெனியில் சேல்ஸ். கணபதி, பீளமேடு, ஆவாரம்பாளையம் என்று கோவையின் பம்பு கம்பெனிகளெல்லாம் அவருக்கு மாமியார் வீடு. மாதம் நாலு ராத்திரி இதே ஹோட்டல்.

"எந்த ரூம் தம்பி?" என்றார்.

"முந்நூத்தி நாலு."

"ஜன்னல் இருக்கா?"

இருக்கிறது என்றேன். அந்த மனுஷர் பொங்கலை விட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... கோடீஸ்வரனைப் பார்ப்பதுபோல!

"பதினோரு வருஷமா வர்றேன் தம்பி. ஆரம்பத்துல ஜன்னல் ரூம்தான். அப்புறம் வாடகை ஏறுச்சு, கம்பெனி அலவன்ஸ் ஏறல. ஆறு வருஷமா உள்பக்கத்து ரூம். லைட்டப் போட்டா பகலு, அணைச்சா ராத்திரி. ஒருநாள் தூக்கத்துல முழிச்சு, விடிஞ்சிருச்சுன்னு குளிச்சு டை கட்டிக் கீழ வந்துட்டேன். மணி ரெண்டரை! வாட்ச்மேன் பயந்துட்டான்."

சிரித்தோம். அவர் முதலில் நிறுத்திவிட்டார். "வீட்டுக்காரி வீடியோல கூப்பிடுவா. பின்னால சுவரு மட்டும் தெரியும். எங்கண்ணே இருக்கீங்க, ஆஸ்பத்திரியான்னு மச்சான் கேக்குறான்."

எனக்குள் இருந்த பி.காம். விழித்துக்கொண்டான். டிஷ்யூ பேப்பரை எடுத்தேன். அவருடைய அலவன்ஸ் ராத்திரிக்கு 2,250 ரூபாய், வரி உட்பட. ஏன் வரி உட்பட? கம்பெனி பெங்களூரில் மட்டும் ரிஜிஸ்டர் ஆனது. ரூம் வாடகைக்கான ஜி.எஸ்.டி. எப்போதும் ஹோட்டல் இருக்கிற மாநிலத்தில்தான் விழும். தமிழ்நாட்டில் கட்டிய வரியைக் கர்நாடகத்துக் கம்பெனி தன் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. சுத்தமான செலவு. அதனால் அது அண்ணன் தலையில்!

உள்பக்கத்து ரூம் 2,000. பன்னிரண்டு சதவிகிதம் வரி சேர்த்தால் 2,240. அலவன்ஸுக்குள் அடக்கம். ஜன்னல் ரூம் 2,100. வரியோடு 2,352. நூற்றிரண்டு ரூபாய் கையை விட்டுப் போகும். நாலு ராத்திரிக்கு 408.

"சொல்றதுக்குச் சின்னத் தொகைதான் தம்பி. ஆனா சின்னவளுக்குக் காலேஜ் பஸ்ஸுக்குக் கட்டுறேனே..."

இங்கேதான் கதையில் திருப்பம். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள ரூம்களுக்கு வரி பன்னிரண்டிலிருந்து ஐந்து சதவிகிதமாகக் குறைந்துவிட்டது. (2022 ஜூலை வரை ஆயிரம் ரூபாய்க்குள் இருந்த ரூமுக்கு வரியே இல்லை. செருப்புக்கடை மாதிரி 999 ரூபாய் என்று போர்டு வைத்த காலம் அது.) இப்போது 2,100க்கு ஐந்து சதவிகிதம் 105. மொத்தம் 2,205. அலவன்ஸுக்குள் ஜன்னல்!

அண்ணன் டிஷ்யூவை இரண்டு தரம் பார்த்தார். கை கழுவக்கூட இல்லை, ரிசப்ஷனுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே.

மேனேஜர் கனிவாகக் கேட்டுக்கொண்டார். "கணக்குச் சரிதானுங்ணா. ஆனா ஜன்னல் ரூம் இப்ப 2,150 ஆக்கிட்டோமுங்க."

"ஏன்யா?"

காரணம் இருந்தது. ஐந்து சதவிகிதம் என்று குறைத்தபோது ஹோட்டல்காரர்களுக்கு இன்னொரு நிபந்தனையும் வந்தது. ஏ.ஸி. ரிப்பேர், சோப்பு, பெட்ஷீட் என்று அவர்கள் வாங்குகிறவற்றுக்குக் கட்டிய வரியை முன்போல் கழித்துக்கொள்ள முடியாது. "அது எங்க தலைல விழுதுங்க. கொஞ்சம் ஏத்தித்தானுங்களே ஆகணும்?"

குற்றம் சொல்ல முடியவில்லை. வரி என்றால் யாருக்குமே முழுசாகப் புரிவதில்லை. இதே கோவையில்தான் 2024 செப்டம்பரில் ஒரு ஹோட்டல் அதிபர், பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் கிரீம் வைத்தால் பதினெட்டு சதவிகிதம் என்று நிதியமைச்சரிடமே சொல்லி நாட்டையே பேச வைத்தார்.

2,150க்கு ஐந்து சதவிகிதம் போட்டேன். 107 ரூபாய் 50 காசு. மொத்தம் 2,257.50. அலவன்ஸைவிட எவ்வளவு கூட?

அண்ணன்தான் முதலில் சொன்னார். "ஏழரை!"

மேனேஜரே சிரித்துவிட்டார். "சனி இங்கயுமா உட்காந்திருக்கான்?" என்று அண்ணன் தலையில் கை வைத்தார். "இந்த ஏழரையைக் கம்பெனியில கேட்டா மேனேஜர்ல இருந்து எம்.டி. வரைக்கும் மெயில் போடணும் தம்பி. கைல இருந்து குடுத்துடலாம். ஆனா பில்லுல அலவன்ஸத் தாண்டுனா சிஸ்டமே ஏத்துக்காது. மொத்த பில்லும் திரும்பி வந்துரும்."

ஆபீஸ் போகிற நண்பர்களே, உங்களுக்கு இது புரியும். ஏழரை ரூபாய் பெரிய விஷயமில்லை. அதை விளக்கி எழுத வேண்டிய மூன்று பக்கம்தான் விஷயம்.

மேனேஜர் கால்குலேட்டரைத் தட்டினார். ஒருமுறை, இரண்டுமுறை. அப்புறம் தலையைத் தூக்கினார்.

"அண்ணா, பதினோரு வருஷமா வர்றீங்க. 2,140 போட்டுக்கிறேனுங்க. வரியோட 2,247. சரிங்களா?"

நானும் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். சரிதான். மூன்று ரூபாய் மிச்சம் வேறு!

மறுநாள் காலை டிபனுக்கு அண்ணன் தாமதமாக வந்தார். வடை தீர்ந்துபோயிருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானூற்றி இரண்டாம் நம்பரிலிருந்து பாலம் தெரிகிறதாம். விடிந்ததுமே வெளிச்சம் முகத்தில் அடித்ததாம். சேலம் பஸ்காரன் கத்துவது தெளிவாகக் கேட்கிறதாம். வீட்டுக்கு வீடியோ போட்டு, செல்லைத் திருப்பி ஜன்னலைக் காட்டினாராம்.

"வீட்டுக்காரி என்ன சொன்னாங்க அண்ணே?"

"இவ்வளவு நாள் எங்க இருந்தீங்கன்னு கேட்டா தம்பி."

பொங்கலைக் கொஞ்ச நேரம் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் நகர்ந்து ரகசியமாகக் கேட்டார்:

"நீங்க பி.காம்.தானே? ஒரு கணக்குச் சொல்லுங்க. அந்த மிச்சம் மூணு ரூபாயக் கம்பெனிக்குத் திருப்பிக் கட்டணுமா?"