94-லேயே நின்ற என் கணினி

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேத்தி விடுமுறைக்கு வருகிறாள் என்று வீட்டு இணைய இணைப்பை 50 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 200-க்கு மாற்றினேன். என் செல்போனில் வைஃபை 180 காட்டியது. 2009-இல் வாங்கிய என் கணினியிலோ கேபிளைச் செருகியும் 94தான். பத்து முறை சோதித்தேன், அதே 94. இணைப்புக் கொடுக்க வந்த தம்பி, "சிஸ்டம் பழசு சார், புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விலை விசாரித்தேன். ஒரு மாத ஓய்வூதியம் அப்படியே போகும். அதைவிட, பத்தாம் வகுப்புக்கு நான் தட்டச்சு செய்த வினாத்தாள் எல்லாம் அதில்தான் இருக்கிறது. மனசு வரவில்லை.

கணினிக் கடை வைத்திருக்கும் பழைய மாணவனுக்குப் போன் போட்டேன். "94-ஆ சார்? அப்ப நெட்வொர்க் கார்டு நூறு எம்பிபிஎஸ் கார்டு" என்றான், பார்க்காமலேயே! மிச்சம் ஆறு எங்கே போகிறது என்று கேட்டேன் (கணக்கு வாத்தியார் புத்தி). 1460 பைட் தரவை அனுப்ப முகவரி, சரிபார்ப்பு, இடைவெளி என்று இன்னொரு 78 பைட் சேர்கிறதாம். 1460-ஐ 1538-ஆல் வகுத்துப் பாருங்கள், விடை கிட்டத்தட்ட 95 சதவீதம். ஆக, கார்டு தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது.

அறுநூறு ரூபாய்க்கு ஜிகாபிட் கார்டு வாங்கிப் போட்டான். மறுபடியும் 94! அவனே திகைத்துவிட்டான். கேபிள் முனையைக் கழற்றிப் பார்த்தால், எட்டுக் கம்பிகளில் நான்கைத்தான் கோத்திருக்கிறார்கள். நூறு எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். புது முனை போட்டதும் 188.

சரி, எனக்கு என்ன மாறியது? செய்தித்தாள், யூடியூப், மகனோடு வீடியோ கால் எல்லாம் முன்பு போலத்தான். நல்ல தெளிவான வீடியோவுக்கே ஐந்தாறு எம்பிபிஎஸ் போதும். 10 ஜிபி இறக்க 14 நிமிடம் ஆனது, இப்போது 7 ஆகும். நான் எந்தக் காலத்தில் 10 ஜிபி இறக்கினேன்?

உங்கள் திட்டம் 100-க்குள் இருந்தால் பழைய கார்டே தாராளம். அதற்கு மேல் என்றால் கணினியைத் தூக்கிப் போடும் முன் கார்டையும் கம்பியையும் பாருங்கள்.

பேத்தி ஊருக்குப் போனதும் 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறப் போகிறேன். மாணவன் கூலி வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தான். வீட்டு மாம்பழம் ஒரு பை கொடுத்தனுப்பினேன்.