உறைக்குள் ஒரு நாணயம்

'நாணயம்' என்னும் சொல்லைத் தமிழ் மக்கள் இருபொருளில் வழங்குவர். கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். இவ்விரு பொருளும் எங்கே கூடுகின்றன, எங்கே பிரிகின்றன என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் எம் இல்லத்தில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று எமக்கு உணர்த்திற்று. அதனை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

யாம் பிறந்து வளர்ந்த ஊர் திருப்பூர். எம் அன்னையார் பனியன் கம்பெனியொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் செக்கிங் பிரிவில் பணியாற்றியவர். தைத்து வந்த ஆடையை வெளிச்சத்தில் விரித்து, ஊசித்துளை உண்டா, எண்ணெய்க்கறை உண்டா, தையல் விட்டுப்போயிற்றா, பிசிறு நீங்கிற்றா எனப் பார்த்து, தம் எண் எழுதிய சிறு ஸ்டிக்கரை அதில் ஒட்டுவார். அயர்னிங், பேக்கிங் எல்லாம் அதன் பிறகே. ஒருமுறை பையர் திருப்பி அனுப்பிய பெட்டியில் அவர் எண் ஒட்டிய பீஸ் ஒன்றில் துளை இருந்தது. அன்றிரவு அவர் உண்ணவில்லை. மறுநாள் அந்த லாட் முழுவதையும் தோழியருடன் மீண்டும் பிரித்துப் பார்த்தார். "என் நம்பர் இருக்குது கண்ணு, நாந்தான பதில் சொல்லோணும்" என்று அவர் கூறியது இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றது.

எம் பாட்டனார் விட்டுச்சென்ற பொருள்களுள் வெள்ளி ரூபாய் ஒன்று இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் பொறித்த 1911ஆம் ஆண்டு ரூபாய். மன்னரின் மேலாடையில் விளங்கும் விருதுமாலையில் சிறு யானை ஒன்று உண்டு. அதன் துதிக்கை சரிவர அமையாமையால் அது பன்றிபோல் தோன்றிற்று. மக்களிடையே, சிறப்பாக முஸ்லிம்களிடையே, மனக்கசப்பு எழுந்தது. அரசு வெளியீட்டை நிறுத்திக் கையிருப்பில் பெரும்பகுதியை உருக்கிற்று. 1912 முதல் துதிக்கையும் காதும் தெளிவாகத் தெரியும் புதிய அச்சு வந்தது. வரைந்தவர், அச்சு வெட்டியவர், ஒப்புதல் தந்தவர் எனப் பலர் கண்ணையும் கடந்து வந்த பிழையைக் கண்டுபிடித்தவர்கள் பொதுமக்களே! எனவேதான் 1911 ரூபாய் அரிது. 1912 ரூபாய் எளிதில் கிடைப்பது.

எம் தங்கையின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் செலுத்த வேண்டிய காலம் வந்தது. அந்தக் காசை விற்றுவிடலாம் என்றார் அன்னையார். காசு சேகரிக்கும் நண்பர் ஒருவர், "தரச்சான்று பெற்று விற்றால் நல்ல விலை போகும்" என்று வழிகாட்டினார்.

தரச்சான்று என்பது யாது? வில்லியம் ஷெல்டன் என்னும் அமெரிக்கர் 1949இல் பழைய செப்புக்காசுகளுக்காக ஓர் அளவுகோலை வகுத்தார். மிகவும் தேய்ந்த காசுக்கு 1; குறையே இல்லாத காசுக்கு 70. இதனைத் தழுவி, 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. ஆகிய நிறுவனங்கள் அமெரிக்காவில் தோன்றின. வல்லுநர் ஒருவருக்கு மேற்பட்டோர் காசைப் பார்த்து எண் வழங்குவர். பின்னர் அச்சிட்ட சீட்டுடன் கடினமான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, உடைத்தாலன்றித் திறவாதபடி ஒட்டிவிடுவர். போலிக்காசுகளுக்கும், மெருகேற்றி ஏமாற்றும் வணிகர்க்கும் அஞ்சிய சேகரிப்பாளர்க்கு இஃது ஒரு நற்பேறாயிற்று. இதனை மறுப்பதற்கில்லை.

ஒரு தரச்சான்று நிறுவனத்திற்கு எம் காசை அனுப்பினோம். சில திங்கள் கழித்து உறையில் அடைபட்டுத் திரும்பியது. எண் 45. மகிழ்ந்தோம். அன்னையார் கண்ணாடியை அணிந்துகொண்டு, உறையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், பழக்கம் விடுமா? "உள்ள ஒரு பிசிறு கெடக்குது" என்றார். உண்மைதான், மன்னரின் முகத்தருகே நூலிழை ஒன்று ஒட்டிக்கிடந்தது. மேலும் உற்றுநோக்கினார். "காசுல பதினொண்ணு போட்டிருக்குது, சீட்டுல பன்னண்டு போட்டிருக்குதே. இதப் பாத்தவுக ஆரு சாமி?"

யாம் விடையற்று நின்றோம். உறையில் நிறுவனத்தின் பெயர் இருந்தது. வரிசை எண் இருந்தது. பார்த்தவர் யார் என்பதற்கு அடையாளம் ஏதும் இல்லை.

முறையிட்டோம். சீட்டு அச்சிடும்போது நேர்ந்த பிழை என்று கூறி, திருப்பி அனுப்பச் சொன்னார்கள். உறையை உடைத்து மீண்டும் அடைத்து அனுப்பினார்கள். ஆண்டு திருந்தியிருந்தது, பிசிறு நீங்கியிருந்தது. ஆனால் எண் 40 ஆகியிருந்தது! அதே காசு, அதே நிறுவனம். வாங்க இசைந்திருந்த வணிகர் விலையைக் குறைத்தார். "காசு மாறுல; பாத்த கண்ணு மாறிப்போச்சு" என்றார் அன்னையார்.

இஃது எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. உயர்ந்த எண் கிடைக்கும் வரை உறையை உடைத்து உடைத்து மீண்டும் அனுப்பும் வழக்கம் சேகரிப்பாளரிடையே நெடுங்காலமாக உண்டு. மதிப்பீடு மாறாத அளவையாக இருந்தால் இவ்வழக்கத்திற்கு இடமேது? சில வெள்ளிக் காசுகளில் அடைத்த பின்னரும் வெண்புள்ளிகள் பூக்கின்றன. செம்பு நிறம் மாறுகின்றது. சீட்டிலுள்ள எண்ணோ அப்படியே நிற்கின்றது. உறையையே போலியாகச் செய்து விற்போரும் தோன்றிவிட்டனர்.

திருப்பூரிலும் பிழைகள் உண்டு. மூவாயிரம் பீஸ் கொண்ட லாட்டிலிருந்து 125 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். ஏ.க்யூ.எல். 2.5 என்னும் அளவின்படி, குறைகள் ஏழு வரை இருந்தால் லாட் தேறும், எட்டானால் தள்ளப்படும். பிழை இருக்கும் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு, அதற்கு எல்லை கட்டும் முறை இது. எம் பாட்டனாரின் காசோ ஒரு லாட்டில் ஒன்றன்று. அஃது ஒன்றே ஒன்று. பையில் இட்ட பனியனை எவரும் பிரித்துப் பார்க்கலாம். உறையில் இட்ட காசை உடைக்காமல் தொட்டுப் பார்க்கவோ நிறுத்துப் பார்க்கவோ இயலாது. உறை காசைக் காக்கின்றது. பார்த்தவரின் பிழையையும் சேர்த்தே காக்கின்றது.

பண்டைத் தமிழகத்தில் காசுகளைச் சோதிப்பவர் 'வண்ணக்கன்' எனப்பட்டார். நொய்யற்கரையிலுள்ள வெள்ளலூரில் உரோமானிய வெள்ளிக்காசுப் புதையல் கிடைத்ததை எண்ணும்போது, இத்தொழிலின் தேவை விளங்கும். வடம வண்ணக்கன், விற்றூற்று வண்ணக்கன் என்றெல்லாம் சங்கப் புலவர் சிலர் தம் பெயரிலேயே அத்தொழிலைத் தாங்கி நின்றனர். பிற்காலத்தே, அரபுமொழியின் 'சர்ராஃப்' என்னும் சொல்லிலிருந்து பெயர்பெற்ற சராபுகள், தாம் சோதித்த ரூபாய்களில் தத்தம் சிறுமுத்திரையைக் குத்தினர். அடுத்தவர் மீண்டும் சோதிக்கத் தடையில்லை. அவரும் தம் முத்திரையைக் குத்துவார். இன்றைய தரச்சான்றோ அம்முத்திரைகளைப் பலபோது காசின் பழுது எனக் கருதுகின்றது. பொறுப்பேற்றவரின் அடையாளம் இன்று குறையாகிவிட்டது!

தரச்சான்று வேண்டா என்பது எம் கருத்தன்று. போலிகள் மலிந்த சந்தையில் அதன் பயன் பெரிது. ஆயினும் சீட்டைக் காசாக எண்ணிவிடலாகாது. அது, ஒரு நாளில், ஒரு வெளிச்சத்தில், சிலர் கொண்ட கருத்து. அக்கருத்துக்கு எவர் பதில் சொல்வார் என்பதே தரத்தின் உயிர்நாடி.

கட்டணத்தை ஏலச்சீட்டுப் பணத்தில் கட்டினோம். ரூபாயை விற்கவில்லை. அன்னையாரின் விருப்பப்படி உறையை உடைத்துக் காசை எடுத்து, தாளில் மடித்துப் பெட்டியில் வைத்தோம். மடிப்பின்மேல் "1911, பார்த்தாயிற்று" என எழுதி, அதன் கீழே அவர் தம் பழைய செக்கிங் எண்ணையும் எழுதினார். எம் இல்லத்தைப் பொறுத்தவரை அதனினும் உயர்ந்த சான்று வேறில்லை.