மூணு நிமிஷம் பாட்டே கிடையாது!

லைட்டை அணைச்சுட்டு ஹெட்போனை மாட்டுங்க. 'பௌஹவுஸ்' குழுவோட 'பேலா லுகோசீஸ் டெட்' பாட்டைப் போடுங்க. உடனே யாராவது பாடுவாங்கனு காத்திருக்காதீங்க பாஸ். கிட்டத்தட்ட மூணு நிமிஷத்துக்குக் குரலே வராது! டிக் டிக்னு ஒரு டிரம்ஸ், மெதுவா படி இறங்குற மாதிரி பேஸ் கிடார், நடுவுல எங்கேயோ கதவைக் கீறுற சத்தம். அப்புறம்தான் பீட்டர் மர்ஃபி வாயைத் திறப்பார்.

பேலா லுகோசி யாருன்னு கேட்கறீங்களா? 1931-ல வந்த 'டிராகுலா' படத்தோட ஹீரோ. 1956-ல செத்தப்போ, டிராகுலா அங்கியோடயே புதைச்சாங்க. அவருக்குத்தான் இந்த ஒன்பதரை நிமிஷ ஒப்பாரி. கொஞ்சம் கிண்டலும் கலந்த ஒப்பாரி!

இங்கிலாந்துல நார்த்தாம்ப்டன்னு ஒரு ஊர். அங்கே 1978 கடைசியில சேர்ந்த நாலு பசங்க இவங்க. மர்ஃபி பிரின்டிங் பிரஸ்ல வேலை பார்த்துட்டு இருந்தவர். ஸ்கூல் ஃபிரெண்ட் டேனியல் ஆஷ்தான் 'நீ பாடு'ன்னு இழுத்துட்டு வந்தார். பேஸுக்கு டேவிட் ஜே, டிரம்ஸுக்கு அவர் தம்பி கெவின் ஹாஸ்கின்ஸ். 1979 ஜனவரியில ஸ்டுடியோவுக்குள்ள போய் ஒரே டேக்ல இந்தப் பாட்டை முடிச்சுட்டாங்க. குழு ஆரம்பிச்சு ஒரு செமஸ்டர்கூட ஆகலை!

நான் இ.சி.இ. அதனால எனக்குப் பிடிச்ச விஷயம் அந்த எக்கோ மெஷின்தான். உள்ளே போன சத்தத்தைக் கொஞ்சம் தாமதமா வெளியே விடும். அதுல ஒரு பங்கைத் திரும்ப உள்ளே அனுப்பினா, சத்தம் தன்னையே துரத்திட்டு ஓடும். ஃபீட்பேக் எல்லை மீறினா லேப்ல மார்க் போயிடும், இங்கே பாட்டே அதுதான்! ஜமைக்காவோட 'டப்' இசையில கேட்டுக் கேட்டுப் பிடிச்ச வித்தை.

இவ்வளவு நீளமான பாட்டை யார் வாங்குவா? லண்டன்ல 'ஸ்மால் வொண்டர்'ங்கிற குட்டி கம்பெனி தைரியமா வெளியிட்டுச்சு. அதோட 'கோத்'ங்கிற முத்திரையும் ஒட்டிக்கிச்சு.

அந்த முத்திரை மேலதான் எனக்குக் கோபம். கறுப்பு டிரெஸ், கண்ணுக்கு மை, வௌவால்... அவ்வளவுதான் இவங்கன்னு முடிவு பண்ணிட்டா, 1981-ல வந்த 'மாஸ்க்' ஆல்பத்தை யார் கேட்பாங்க? அதுல 'கிக் இன் தி ஐ' பாட்டோட பேஸ் உங்களை ஆடவே வெச்சிடும். முதல் ஆல்பம் 'இன் தி ஃப்ளாட் ஃபீல்ட்' எனக்குப் பாதியிலேயே தலைவலி. ஆனா 'மாஸ்க்', செம!

1983-ல மர்ஃபிக்கு நிமோனியா. மத்த மூணு பேரும் அவர் இல்லாமலே ரெக்கார்டிங்கை ஓட்டினாங்க, சில பாட்டை அவங்களே பாடினாங்க. அந்த வருஷமே குழு உடைஞ்சது. அந்த மூணு பேரும் பிறகு 'லவ் அண்ட் ராக்கெட்ஸ்'னு புதுசா ஆரம்பிச்சாங்க. அதுல மர்ஃபி கிடையாது.