மீதம் வைத்த ஓர் ஆள்

நாகப்பட்டினக் கடலோரத்தில் மின்பணி ஒப்பந்தக்காரனாகக் காலந்தள்ளும் எனக்கு மூன்று வகை வேலைகள் வரும். புதுக் கட்டடங்களுக்கு வயரிங் செய்வது, டெண்டர் போட்டு எடுக்கும் அரசுப் பணி, வீடுகளில் சில்லறைப் பழுது. மூன்றுக்கும் ஆள் ஒன்றுதான். மூன்றின் காலக் கணக்கோ வேறு வேறு.

புதுக் கட்டடத்தில் தளத்துக்குக் கான்கிரீட் கொட்டும் முன்பே குழாய்களும் மின்விசிறிப் பெட்டிகளும் கம்பிகளுக்கிடையே பதிந்திருக்க வேண்டும். கொத்தனார் நமக்காகக் காத்திருக்க மாட்டார். அன்று அத்தனை பேரும் ஓட வேண்டும். பிறகு சுவரெழும்பிப் பூச்சுக் காயும்வரை அங்கே வேலையிராது. செம்பின் விலையோ லண்டன் சந்தையைப் பார்த்து ஏறி இறங்குவது. தை மாதம் ஒப்புக்கொண்ட தொகை, ஆடியில் வயர்ச் சுருள் வாங்கப் போதாமற் போவதுண்டு. அரசுப் பணியில் பணம் நிச்சயம், நாள்தான் நிச்சயமில்லை. சனிக்கிழமைக் கூலியோ எந்தப் பில்லுக்காகவும் காத்திராது. அந்தக் கூலியைப் பெரும்பாலும் தருவது சில்லறைப் பழுதுதான். ஆயினும் தொழிலில் வளர எண்ணுகிறவர்கள் முதலில் உதற நினைப்பதும் அதைத்தான்.

வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு ஆகஸ்டு 29இல் கொடியேறும். அதற்கு முந்திய வாரத்தில் தங்கும் விடுதிகளின் அவசரத்தைச் சொல்லி மாளாது. அப்படியொரு வாரத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கடைக்கு வந்தார். "தம்பி, ஃப்ரிட்ஜைத் தொட்டா கை சுள்ளுங்குது. பேரப்புள்ள வேற வந்திருக்கான்" என்றார். விடுதி வேலையிலிருந்த மூத்த வயர்மேனை அழைத்து அனுப்பினேன். எலி கடித்த வயர் பெட்டியின் உடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. உப்புக் காற்றில் எர்த் கம்பி குழியருகே அரித்து அறுந்திருந்தது. கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவியும் அவ்வீட்டில் இல்லை. அரை நாள் வேலை. விடுதிக்காரர் சினந்து, மறு ஆண்டு வேறொருவரை வைத்துக்கொண்டார். அவர் நிலையிலிருந்து பார்த்தால் அதுவும் நியாயமே.

அதற்குப் பின் எவ்வளவு பெரிய வேலை கிடைத்தாலும் ஒருவரைக் கடையிலேயே நிறுத்துவதென்று வைத்துக்கொண்டேன். ஆனால் ஒரே ஆளை நிறுத்துவதில்லை. குழாய் பதிப்பதற்கு வேகமும் நேர்த்தியும் போதும். பழுது தேடுவதற்கோ பொறுமை வேண்டும். எந்த வயர் எங்கே போயிருக்கும் என்று சுவருக்குள் நினைத்துப் பார்க்கும் மனம் வேண்டும். புதுக் கட்டடத்திலேயே வளர்ந்த பையனுக்கு மெக்கரைக் கையில் கொடுத்தால் முள் காட்டுவதைப் படிப்பான்; அது ஏன் அப்படிக் காட்டுகிறது என்று கேட்க மாட்டான். எனவே மாதமொருவராக மாற்றி அமர்த்துகிறேன். இதில் இளையவர்களுக்குச் சலிப்புத்தான். பெரிய கட்டடத்தில்தான் பெருமை என்பது அவர்கள் எண்ணம்.

2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. கம்பங்கள் சாய்ந்தன, கட்டட வேலைகள் அப்படியே நின்றன. மின்சாரம் திரும்புமுன் நனைந்த மீட்டர் பலகைகளைச் சோதித்துத் தரும்படி எங்களைத் தேடி வந்தவர்கள் அந்தச் சிறு வீட்டுக்காரர்களே. அந்தக் கார்த்திகையிலும் மார்கழியிலும் ஒரு சனிக்கிழமைகூடக் கூலி தவறவில்லை.

எங்கள் கணக்கை எழுதும் என் மைத்துனர், கடையில் அமரும் ஆளின் கூலியை இன்றும் நட்டப் பக்கத்தில்தான் எழுதுகிறார்.