பாலேடும் பனையேடும்



தமிழில் 'ஏடு' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. ஒன்று, பனையோலைச் சுவடியின் இதழ். அதன் வழியாகவே புத்தகத்தையும் நாளிதழையும் ஏடு என்கிறோம். மற்றொன்று, காய்ச்சிய பால் ஆறும்போது அதன்மேல் படியும் கெட்டியான படலம். பாலேடு என்றும் பாலாடை என்றும் அதற்குப் பெயர். பாலின்மேல் போர்த்தியிருப்பதால் ஆடை. தகடுபோல மடித்தெடுக்க வருவதால் ஏடு. தயிருக்கும் ஏடு உண்டு. மேல்நாட்டார் சீஸ் என்பதற்குப் 'பாலாடைக்கட்டி' என்று பெயர் சூட்டியபோதும் இந்தச் சொல்லே கைகொடுத்தது.

முதலாவது ஏடு நம் பள்ளிகளில் குறைவின்றி இருக்கிறது. பாடநூல், பயிற்சிநூல், செயல்தாள் என்று மாணவர் பைகள் நிரம்பி வழிகின்றன. இரண்டாவது ஏடோ சிங்கப்பூர் வீடுகளிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டது. அதை வீட்டில் செய்யும் முறையையும், சமையல் நூல் எழுதும் எண்ணமே இல்லாத தமிழாசிரியர் ஒருவர் அதற்காகத் தம் விடுமுறை நாள்களைச் செலவிட்ட காரணத்தையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

வகுப்பில் எழுந்த கேள்வி

தொடக்கநிலை ஐந்தில் பழமொழி கற்பித்துக்கொண்டிருந்தேன். 'வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தாற்போல' என்பது அன்றைய பாடம். மாணவர் பன்னிருவரும் அதன் பொருளை மனப்பாடமாகச் சொன்னார்கள். கோடிட்ட இடத்தையும் பிழையின்றி நிரப்பினார்கள். மதிப்பெண் வழங்குவதில் எனக்குத் தயக்கம் ஏதும் இருந்திருக்காது. ஆனாலும், "வெண்ணெய் எங்கிருந்து திரண்டு வருகிறது?" என்று கேட்டேன்.

"பேரங்காடியிலிருந்து," என்றான் ஒருவன். "மாட்டிலிருந்து," என்று திருத்தினாள் மற்றொருத்தி. மாட்டுக்கும் வெண்ணெய்க்கும் இடையில் என்ன நடக்கிறது என்று எவருக்கும் தெரியவில்லை. கரும்பலகையில் பாலாடை என்று எழுதி இது என்னவென்று கேட்டபோது, "பால் நிறத்தில் தைத்த சட்டை," என்று ஒரு பெண் பதில் சொன்னாள். சொல்லைப் பிரித்துப் பொருள்காணும் முறை நான் கற்றுக்கொடுத்ததுதான். அதை அவள் முறையாகவே செய்திருந்தாள். பால் தெரியும், ஆடை தெரியும்; அந்த இரண்டும் சேர்ந்து உண்டாகும் பொருளைத்தான் அவள் கண்டதேயில்லை.

இதைக் குழந்தைகளின் குறையாக நான் கருதவில்லை. நம் தாய்மொழியில் பால் சார்ந்த சொற்கள் ஒரு பெரிய குடும்பம். சீம்பால், ஆடை, உறைமோர், தயிர், கடைதல், மத்து, தாழி, வெண்ணெய், மோர், நெய் என்று அவை ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. 'வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்' என்ற பழமொழியின் நகைச்சுவை, வெண்ணெயை உருக்கினால் நெய் என்று அறிந்தவருக்கே புலப்படும். அடுப்படியில் நடந்துகொண்டிருந்த ஒரு வேலை நின்றுவிட்டால், அகராதியில் ஒரு பக்கம் முழுவதும் இருண்டுவிடுகிறது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழை அதிகமாகப் பேசுவோர், ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காட்டினர். வீட்டில் பேசப்படாத மொழியின் சொற்களைப் பள்ளி எத்தனை நாள் தாங்கிப் பிடிக்க முடியும் என்பது என் போன்றோரை உறங்கவிடாத கேள்வி.

மாடுகள் நின்ற வட்டாரம்

வியப்பு என்னவென்றால், இந்த ஊரில் தமிழர் வாழ்வின் நடுவிடமாக விளங்கும் லிட்டில் இந்தியா, ஒருகாலத்தில் மாட்டு வணிகத்தால் வளர்ந்த வட்டாரம். ரோச்சோர் ஆற்றின் நீரும் சுற்றியிருந்த புல்வெளியும் கால்நடை வளர்ப்புக்கு ஏற்றவையாக இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலையை ஒட்டி மாட்டுக்கொட்டகைகள் பெருகின. வண்டி இழுக்கவும், இறைச்சிக்கும், பாலுக்கும் மாடுகள் வாங்கி விற்கப்பட்டன.

தேக்காச் சந்தையை ஒட்டிய பஃபலோ சாலையைக் கடக்கும்போது அந்தப் பெயரை நினைத்துப் பாருங்கள். சற்றுத் தள்ளி கெர்பாவ் சாலை. மலாயில் கெர்பாவ் என்றால் எருமை. தெஸ்கர் சாலைப் பக்கம் லெம்பு சாலை. லெம்பு என்றால் மாடு. நம்மில் பலர் பிறந்த கேகே மருத்துவமனையின் பெயரில் உள்ள இரு எழுத்துகளும் கண்டாங் கெர்பாவ் என்பதன் சுருக்கம். எருமைத் தொழுவம் என்று பொருள். மாட்டு வணிகரான பெலிலியோஸ் என்பாரின் பெயரிலும் அங்கே ஒரு சாலை இருக்கிறது. மாடுகள் போய்விட்டன, பெயர்ப்பலகைகள் மட்டும் அசைபோட்டுக்கொண்டிருக்கின்றன.

தமிழரும் வடஇந்தியரும் வீடு வீடாகச் சென்று பால் ஊற்றிய காலத்தை என் அம்மா நன்கு நினைவில் வைத்திருக்கிறார். கறந்த பால் காலையில் வரும். காய்ச்சி இறக்கி மூடாமல் வைத்தால் நண்பகலுக்குள் விரற்கடை அளவுக்கு ஏடு படிந்திருக்கும் என்பார். விரற்கடை என்பது பாசத்தில் சற்றுக் கூடிய அளவாக இருக்கலாம். ஆனால், அந்த ஏட்டில் சர்க்கரை தூவி உண்பதற்காக உடன்பிறந்தோருக்குள் சண்டை நடந்தது என்பதை நான் முழுமையாக நம்புகிறேன்.

புக்கிட் தீமா பக்கம் 1930களில் ஃப்ரீஷியன் இனப் பசுக்களைக் கொண்ட ஒரு பெரும் பால் பண்ணையும் நடந்துவந்தது. அந்த இடத்தில் 2009இல் இயற்கைப் பூங்கா திறக்கப்பட்டது. பழைய மாட்டுக்கொட்டகை ஒன்று வாலஸ் கல்வி நிலையமாக உருமாறியது. கற்றல் பயணத்துக்கு மாணவர்களை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், பறவைகளோடு சேர்த்து அந்தக் கொட்டகையைப் பற்றியும் இரண்டு வாக்கியம் தமிழில் சொல்லலாம்.

பொட்டலப் பாலில் ஏன் ஏடு படிவதில்லை?

கறந்த பாலில் கொழுப்பு, நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. பசும்பாலில் ஓர் உருண்டையின் விட்டம் சராசரியாக மூன்று, நான்கு மைக்ரோமீட்டர் இருக்கும். நீரைவிட எடை குறைந்தவையாதலால் அவை மெல்ல மேலே எழும்புகின்றன. பாலைச் சூடாக்கும்போது மேற்பரப்பில் நீர் ஆவியாகிறது. அங்குள்ள புரதங்கள் வெப்பத்தால் குலைந்து ஒன்றோடொன்று பின்னி வலையாகின்றன. எழும்பி வந்த கொழுப்பு அந்த வலையில் சிக்கிக்கொள்கிறது. இதுவே பாலாடை. பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நான்கு பங்கு என்றால் எருமைப்பாலில் ஏழு பங்கு அளவில் இருக்கும். எருமைப்பால் ஏட்டின் தடிமனுக்கு அதுவே காரணம்.

பிரான்சைச் சேர்ந்த ஒகுஸ்த் கோலான் என்பவர் 1899இல் ஓர் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பாலை மிகுந்த அழுத்தத்தில் நுண்துளை வழியே செலுத்தி, கொழுப்பு உருண்டைகளைச் சிதறடிக்கும் இயந்திரம் அது. சிதறிய துகள்கள் மிகச் சிறியவையாகிவிடுவதால் மேலே எழும்பும் ஆற்றலை இழந்து, பாலெங்கும் சமமாகப் பரவி நிற்கின்றன. நாம் பேரங்காடியில் வாங்கும் பால் பெரும்பாலும் இவ்வாறு ஒருசீராக்கப்பட்டதே. காய்ச்சினால் தாள் போன்ற மெல்லிய தோல் ஒன்று படியும். அதில் புரதம் இருக்கும், கொழுப்பு மிகக் குறைவு. வடிகட்டி எறியத்தான் தோன்றுமேயன்றி எடுத்து உண்ணத் தோன்றாது.

செய்முறை

இருவழிகள் இருக்கின்றன.

முதல் வழி, நம் வீட்டு வழி. ஒருசீராக்கப்படாத கொழுப்பு நீக்காப் பால் சில கடைகளில் கிடைக்கிறது. பொட்டலத்தின் மேலுள்ள குறிப்பைப் படித்து வாங்குங்கள். இரண்டு லிட்டர் பாலை, அகன்ற, அடிகனத்த பாத்திரத்தில் ஊற்றிப் பொங்கவிடாமல் காய்ச்சுங்கள். பொங்கும் நிலைக்கு வந்ததும் தீயை மிகவும் குறைத்து, கரண்டியால் கலக்காமல் பதினைந்து நிமிடம் விடுங்கள். இறக்கியபின் தட்டுப் போட்டு மூடாதீர்கள்; ஆவி நீராகிச் சொட்டினால் ஏடு கெடும். மெல்லிய துணி போதும். நம் ஊர் வெப்பத்தில் நீண்ட நேரம் வெளியே வைப்பது தகாது. சூடு தணிந்ததும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் காலை ஓரத்தைக் கரண்டியால் விடுவித்தால் ஏடு மடிந்து மடிந்து வரும்.

இரண்டாம் வழி, இங்கிலாந்தின் டெவன், கார்ன்வால் வட்டாரங்களின் வழி. அவர்கள் கிளாட்டட் கிரீம் என்று அழைப்பதும் ஏட்டின் உறவினரே. கார்ன்வாலின் கிளாட்டட் கிரீமுக்கு 1998இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பெயர்ப் பாதுகாப்புக் கிடைத்தது. அதில் நூற்றுக்கு 55 பங்காவது கொழுப்பு இருக்கவேண்டும். நட்சத்திர விடுதிகளில் ஸ்கோன் ரொட்டியுடன் சிறு கிண்ணத்தில் வைப்பார்களே, அதுதான்.

இதற்கு 35 விழுக்காடு கொழுப்புள்ள கிரீம் அரை லிட்டர் வேண்டும். மிகை வெப்பத்தில் பதப்படுத்தி நீண்ட நாள் வைத்திருக்கும் வகை சரியாகத் திரளாது. கெட்டிப்படுத்தும் பொருள்கள் சேர்த்ததையும் தவிர்த்துவிடுங்கள். ஆழமில்லாத கண்ணாடித் தட்டில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஊற்றி, மூடாமல், 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அவனில் வையுங்கள். பன்னிரண்டு மணி நேரம் ஆகும். விடுமுறை நாள் காலையில் தொடங்குவது நல்லது. மேலே பொன்னிறத் தோல் படியும். அசைக்காமல் வெளியே எடுத்து, ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் எட்டு மணி நேரம் வையுங்கள். பிறகு மேலுள்ள கெட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இருநூறு கிராமுக்குக் குறையாமல் கிடைக்கும். அடியில் தங்கும் நீர்த்த பாலில் சப்பாத்தி மாவு பிசைந்தால் சப்பாத்தி பஞ்சுபோல் வரும். நான்கைந்து நாளுக்குள் உண்டு முடித்துவிடுங்கள். கொழுப்பு மிகுந்த பண்டமென்பதால் அளவு முக்கியம்.

முதல் வழியில் நாள்தோறும் எடுத்த ஏட்டைக் குளிர்பதனப் பெட்டியில் சேர்த்து வந்தால், வார இறுதியில் இன்னொரு பாடமும் நடத்தலாம். ஒரு கரண்டி தயிர் சேர்த்து, புளித்தபின் குளிர்ந்த நீர் ஊற்றிக் கடையுங்கள். வெண்ணெய் திரளும், மோர் பிரியும். வெண்ணெயை உருக்கும்போது தேக்காவில் வாங்கிய முருங்கைக்கீரை ஒரு கொத்தைப் போட்டால் நெய் மணக்கும்.

வகுப்புக்குச் சென்ற ஏடு

பயிற்சிக் கழகத்தில் படித்த காலத்தில், பெயரைச் சொல்வதற்குமுன் பொருளைக் காட்டு என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால், வகுப்பறையில் அடுப்பு மூட்ட இயலாது. ஆகவே வீட்டில் எடுத்த ஏட்டைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொண்டுசென்றேன். பால் ஒவ்வாத பிள்ளைகள் யாரேனும் உண்டா என்று பெற்றோர்களிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டறிந்தேன். என் தமிழ் வகுப்பில் இந்துப் பிள்ளைகளும் இஸ்லாமியப் பிள்ளைகளும் கிறிஸ்துவப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்; பாலும் சர்க்கரையும் எல்லாருக்கும் பொது.

கரண்டியால் ஏட்டை மடித்துத் தூக்கிக் காட்டினேன். "ஆடை!" என்று முதலில் கத்தியவள், சட்டை என்று விடை சொன்ன அதே பெண். ஒருவன் முகத்தைச் சுளித்தான். இன்னொருவன் மூன்று முறை கேட்டு வாங்கினான். மூடிபோட்ட கண்ணாடிப் புட்டியில் சிறிது ஏட்டை ஊற்றி, ஆளுக்கு ஒரு நிமிடம் குலுக்கச் செய்தேன். ஒன்பதாவது பிள்ளையின் கையில் சத்தம் மாறியது, வெண்ணெய் திரண்டுவிட்டது. "டீச்சர், இப்போது புட்டி விழுந்தால் அதுதானே தாழி உடைவது?" என்று ஒருவன் கேட்டான். அந்தப் பழமொழியை அதற்குப்பின் நான் விளக்கவேயில்லை.

மறுவாரம் ஒரு மாணவியின் தந்தை பள்ளி வாயிலில் என்னிடம் பேசினார். அவர்கள் வீட்டில் ஆங்கிலமே புழங்குமொழி; பாட்டிக்குத் தமிழ் மட்டும் தெரியும். பேத்திக்கும் பாட்டிக்கும் இடையே 'சாப்பிட்டாயா', 'தூங்கு' என்ற அளவிலேயே பேச்சு நின்றிருந்ததாம். அன்று மாலை அவள் பாட்டியிடம் சென்று, "நீங்கள் பாலாடை சாப்பிட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறாள். பாட்டி, தம் ஊரையும் எருமையையும் அதன் பெயரையும் பற்றி ஒரு மணி நேரம் பேசினாராம். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லையாம்.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பார்கள். பாடநூலில் மட்டும் இருக்கும் பாலாடையும் அப்படித்தான். ஆசிரியர்கள் எல்லாரும் பால் காய்ச்சவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நமக்கு நேரம் எவ்வளவு குறைவு என்பதை நான் அறிவேன். ஒரு பருவத்துக்கு ஒரு சொல், அதன் பொருளோடு வகுப்புக்குள் வந்தால் போதும். பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஏதேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அடுப்பருகே நிறுத்தி, படலம் படிவதைக் காட்டுங்கள். பெயரைத் தமிழில் சொல்லுங்கள்.

அடுத்த பருவத்துக்கு ஒரு மரமத்து தேடிக்கொண்டிருக்கிறேன். உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், இரண்டு வாரத்துக்கு இரவல் கொடுங்கள். பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.