உடுத்திக்கொள்ளும் வலிமை

இருட்டிலே மாடிப்படி இறங்கிய அனுபவம் நம்மில் எவருக்குத்தான் இல்லை? படிகள் முடிந்துவிட்டமையை அறியாது, இன்னும் ஒன்று உண்டென்று எண்ணிக் காலை வைக்கின்றோம். அங்கே படி இல்லை. தரை வந்து உள்ளங்காலில் இடிக்கின்றது. முதுகெலும்பு முழுவதும் அதிர்கின்றது. ஆயினும் நாம் விழுவதில்லை. நடந்தது என்னவென்று நாம் உணர்வதற்கு முன்னரே முழங்கால் மடிந்து, இடுப்பு வளைந்து, கை சுவரைப் பற்றிவிடுகின்றது. நம்மைக் கேளாமலே நம் உடல் நம்மைக் காத்துவிடுகின்றது.

அவ்வேளையில் நம் காலோடு ஓர் இரும்புக் காலும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? போர்வீரருக்கென ஆக்கப்படும் இயந்திர உடைகளைப் பற்றிப் படிக்குந்தோறும் இக்கேள்வியே நம் மனத்தில் எழுகின்றது.

நண்டுக்கும் வண்டுக்கும் உடலைத் தாங்கும் வன்கூடு வெளியே அமைந்திருக்கின்றது. உயிரியல் பயிலும் மாணவர் அதனைப் புறவன்கூடு என்பர். மனிதனுக்கும் அத்தகைய கூடொன்றை உலோகத்தாற் செய்து, மூட்டுக்கு மூட்டு இயந்திர விசையைப் பொருத்தி, அவன் அசையும்போது தானும் அசைந்து பாரத்தை ஏற்குமாறு அமைத்தால், ஒருவன் பலருடைய வலிமையைப் பெறலாமன்றோ? அமெரிக்க எழுத்தாளர் றொபேட் ஹைன்லைன், 1959ஆம் ஆண்டில் வெளியான தமது நாவலொன்றில், இத்தகைய கவசம் பூண்ட வீரரைப் படைத்துக் காட்டினார்.

இந்த ஆசையை வெறுங் கற்பனையென்று தள்ளிவிடுதல் நியாயமன்று. 1944ஆம் ஆண்டு ஜூன் 6ஆந் திகதி நோர்மண்டிக் கரையில் இறங்கிய வீரருட் சிலர், பகைவரின் குண்டு படுமுன்னரே, தாம் சுமந்த பாரத்தினால் நீரில் அமிழ்ந்து மாண்டனர். வீரனின் முதுகில் ஏற்றப்படும் மிகையான சுமை அவனுக்கே பகையாகின்றது என்பதை எஸ். எல். ஏ. மார்ஷல் 1950ஆம் ஆண்டில் ஒரு நூலாகவே எழுதி வற்புறுத்தினார். எனினும் சுமை குறையவில்லை. ஆப்கானிஸ்தான் மலைகளில் 100 இறாத்தலுக்கு மேற்பட்ட பாரத்துடன் வீரர் ஏறியதுண்டு. அவ்வீரனும் ஒரு தாயின் மகனே. அவனுடைய பாரத்தை ஒரு பொறி ஏற்குமாயின், வேண்டாமென்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

1965ஆம் ஆண்டில், அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் பொருளுதவி புரிய, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ‘ஹார்டிமன்’ என்னும் பொறியை ஆக்கத் தொடங்கிற்று. 1,500 இறாத்தலைத் தூக்கவேண்டும் என்பது நோக்கம். பொறியின் எடையோ தானும் ஏறக்குறைய 1,500 இறாத்தல்! அதன் ஒரு கை மாத்திரம் 750 இறாத்தல் வரை தூக்கிக் காட்டியது. முழு உடையையும் ஒருங்கே இயக்க முயன்றபோதோ, அது கட்டுக்கடங்காது வெறிகொண்டதுபோல் உதறியது. உள்ளே ஒரு மனிதன் நிற்க அதனை முழுமையாக இயக்க எவரும் துணியவில்லை. அத்துணிவின்மையை நாம் கோழைமை என்று கருதவில்லை; அறிவுடைமை என்றே கருதுகின்றோம்.

இதில் உள்ள சிக்கல் யாது? நமது முழங்கால், கதவின் பிணைச்சலைப்போல ஒரே அச்சிற் சுழல்வதன்று. மடியும்போதே சிறிது உருண்டும் வழுக்கியும் செல்வது. இரும்பு மூட்டையும் எலும்பு மூட்டையும் வாரினால் இறுகக் கட்டினால், இரண்டின் போக்கிலும் உள்ள வேறுபாட்டைத் தோலும் தசையும் தாங்கவேண்டியதாகும். மேலும், அணிந்தவன் அடுத்து என்ன செய்ய எண்ணுகின்றான் என்பதைப் பொறி ஊகித்தறிய வேண்டும். அவன் நிற்க எண்ணும்போது பொறி நடக்க முற்பட்டால், இருவருள் வலியது பொறியே. ஓடும்போது மின்கலம் ஓய்ந்துவிட்டால், தனக்கு உதவிய கூட்டையே அவன் சுமக்க நேரும். இடறி விழுந்தாலோ அவன் தன் பாரத்தோடு மாத்திரம் விழுவதில்லை. இரும்பின் பாரமும் அவன்மேல் விழுகின்றது. கவசத்தைக் கழற்ற இயலாதவன் நோர்மண்டி அலையில் இறங்கினால் அவன் கதி என்னவாகும்?

களைப்பு நீங்கும் என்ற எதிர்பார்ப்புங்கூட எளிதில் நிறைவேறவில்லை. கால்களுக்கான புறவன்கூடு ஒன்றை வீரருக்கு அணிவித்துச் சோதித்த அமெரிக்க இராணுவ ஆய்வாளர், 2010இல் தம் முடிவை வெளியிட்டனர். அதனை அணிந்து பாரம் சுமந்தவர், அணியாது சுமந்தபோது கொண்டதிலும் மிகுதியான ஒட்சிசனை உட்கொண்டனர். பின்னர் 2014இல், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் கணுக்காலுக்கு மாத்திரம் உதவும் சிறு கருவியொன்றினால், பாரம் சுமந்து நடப்பவரின் உழைப்பைச் சிறிது குறைத்துக் காட்டினர். உடல் முழுவதையும் ஆள முயன்ற பெரும்பொறி தோற்ற இடத்தில், ஒரு மூட்டுக்குப் பணிசெய்த சிறு கருவி வென்றது.

2013ஆம் ஆண்டில் அமெரிக்க விசேட படைத் தலைமையகம் ‘டாலோஸ்’ என்னும் கவசத் திட்டத்தை அறிவித்தது. ஆப்கானிஸ்தானில் கதவொன்றினூடே நுழையும்போது வீரனொருவன் மாண்ட துயரமே அதற்குத் தூண்டுகோல் என்று தளபதி வில்லியம் மக்ரேவன் கூறினார். இனி முதலில் நுழைபவன் உயிரோடு திரும்பவேண்டும் என்பது அவர் விருப்பம். உயர்ந்த விருப்பமே. ஆனால் 2019இல், அக்கவசம் நெருங்கிப் பொருதும் களத்துக்கு ஏற்றதன்று என்று சொல்லப்பட்டுத் திட்டம் முடிவுற்றது. கிரேக்கர் கதையில் வரும் டாலோஸ், கிரீட் தீவைக் காத்துநின்ற வெண்கல மனிதன். அவன் உடலில் ஓடியது ஒரே நரம்பு. கணுக்காலில் அதனை அடைத்திருந்த ஆணி நீங்கவே, அப்பெருவீரன் சாய்ந்தான். திட்டத்துக்குப் பெயர் தெரிந்தெடுத்தவர் அக்கதையின் முடிவையும் எண்ணியிருப்பரோ என்று நாம் வியப்பதுண்டு.

இதே தொழில்நுட்பம், கால் வழங்காதாரை எழுந்து நிற்கச் செய்துள்ளது. 2014இல் ‘ரீவோக்’ என்னும் உடையை அவர்கள் வீட்டில் அணிய அமெரிக்க அரசு அனுமதி வழங்கியபோது, பயிற்சி பெற்ற துணைவர் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. சமதரையில் மெல்ல நடப்பவருக்கே ஒரு துணை வேண்டும். இருளில், சேற்றில், குண்டு மழையில் ஓடுபவனுக்கு அருகில் நிற்பவர் யார்?

ஆகவே, இத்தகைய உடையொன்றைப் பற்றிப் படிக்கும்போது, எத்தனை இறாத்தல் தூக்கும் என்பதை நாம் முதலிற் கேட்பதில்லை. விசை அற்றுப்போனால் என்ன செய்யும்? அணிந்தவன் விழுந்தால் எத்தனை விநாடியில் வெளியே வருவான்? பாரம் இலகுவானதென்று கண்ட மேலதிகாரிகள் அவன் முதுகில் இன்னும் பாரம் ஏற்றாதிருப்பார்களா? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னரே தூக்கும் பாரத்தின் கணக்கைக் கேட்போம். இருட்டில் இல்லாத படியில் கால் வைப்பவன் எந்நாட்டினனாயினும், அவன் வீடு திரும்பவேண்டும் என்று காத்திருப்பவர் உண்டன்றோ?