பைக்கால் ஏரிக்கு ஒரு செலவுக் கணக்கு

2019 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையின் மேல் ருஷ்ய வரைபடத்தை விரித்து வைத்து நாங்கள் இருவரும் கணக்குப் போடத் தொடங்கினோம். போட்டிருந்த சீட்டு முடிந்து பணம் கைக்கு வந்திருந்தது. இருவருமே பள்ளி ஆசிரியர்கள். கோடை விடுமுறை என்ற ஒரு சொத்தையும் இந்தச் சீட்டுப் பணத்தையும் தவிர எங்களிடம் வேறு முதல் இல்லை.

ஏன் ருஷ்யா என்று கேட்டவர்களுக்கெல்லாம் எங்கள் புத்தக அலமாரியைத்தான் காட்டினோம். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் வெளியிட்ட தமிழ் மொழிபெயர்ப்புகள் கல்லூரி நாட்களில் எங்களுக்குச் சினிமாச் செலவிலேயே கிடைத்தன. கெட்டி அட்டை, நல்ல தாள், நாவில் புரளாத பெயர்கள். அவ்வளவு மலிவாக வீடு வந்து சேர்ந்த நாடு அது. அங்கே போவதற்கும் மலிவாக ஒரு வழி இருக்கும் என்று நம்பியதில் கொஞ்சம் பேதைமை உண்டு, ஒப்புக்கொள்கிறோம்.

முதல் திட்டத்தில் ஆசை மட்டுமே இருந்தது. மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க், வோல்கா, யூரல், சைபீரியா, கடைசியில் விளாதிவஸ்தோக். அளந்து பார்த்தபோதுதான் அந்த நாட்டின் அளவு உறைத்தது. பதினொரு நேர மண்டலங்கள். மாஸ்கோவிலிருந்து விளாதிவஸ்தோக்குக்கு ரயில் பாதை 9,288 கிலோமீட்டர். திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடும் நம் விவேக் எக்ஸ்பிரஸின் தூரத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல். எங்கும் இறங்காமல் போனாலே ஏறத்தாழ ஒரு வாரம். ஆகவே நாட்டைச் சுற்றுவது என்ற எண்ணத்தைக் கைவிட்டு, ஒரே கோடாகக் குறுக்கே போவது என்று முடிவு செய்தோம். மாஸ்கோவில் ஏறி, சுமார் 5,200 கிலோமீட்டர் தள்ளி இர்குட்ஸ்கில் இறங்குவது. அங்கிருந்து பைக்கால் ஏரி எழுபது கிலோமீட்டர்தான்.

பிறகு சிக்கனத்துக்கு வந்தோம். அங்கே ‘பிளாத்ஸ்கார்த்’ என்றொரு வகுப்பு. கதவுகளற்ற திறந்த பெட்டி, ஐம்பத்து நான்கு படுக்கைகள், நடைபாதையை ஒட்டிப் பக்கவாட்டுப் படுக்கைகள். நம் ஸ்லீப்பர் வகுப்பில் வளர்ந்தவர்களுக்கு அதில் அஞ்ச ஒன்றுமில்லை. பெட்டியின் ஒரு கோடியில் எந்நேரமும் வெந்நீர் இலவசம். வெந்நீர் ஊற்றினால் ஆகிற உப்புமாப் பொட்டலங்கள் பட்டியலில் ஏறின. ரயிலில் தூங்கும் ஒவ்வோர் இரவும் ஒரு விடுதி வாடகை மிச்சம். எங்களிடமிருந்த பழைய கையேடு, ருஷ்ய ரயில்கள் நாடு முழுவதும் மாஸ்கோ நேரப்படியே ஓடும் என்று எச்சரித்தது. 2018 ஆகஸ்டிலிருந்து பயணச்சீட்டுகளில் உள்ளூர் நேரமே அச்சாகிறது என்று தாமதமாகவே அறிந்தோம். பழைய புத்தகத்தை நம்பியிருந்தால் இர்குட்ஸ்க் நிலையத்தில் ஐந்து மணி நேரம் பிழைத்திருப்போம்.

பெரிய தடை கோடையே. எங்கள் விடுமுறை ஏப்ரல் பாதியிலிருந்து மே முடிய. ஜனவரியில் உறையும் பைக்கால் இளகுவதோ மே மாதத்தில். நடக்கவும் முடியாத, படகும் செல்லாத பனிக்கட்டி. அவர்களுடைய கோடை தொடங்கும் ஜூனில் எங்கள் பள்ளி மணி அடித்துவிடும். மே கடைசியில் கிளம்பி, ஜூனில் பத்து நாள் விடுப்புக் கேட்பது என்று தீர்மானித்தோம். பீட்டர்ஸ்பர்க்கை அடித்தோம். மாஸ்கோவுக்குத் தெற்கே சுமார் 200 கிலோமீட்டரில் உள்ள யாஸ்னயா பல்யானாவை மட்டும் அடிக்க இருவருக்கும் கை வரவில்லை. டால்ஸ்டாயின் கல்லறை அங்கே சிலுவையும் கல்லும் இல்லாத வெறும் புல்மேடு. சைபீரிய ரயில் பாதை தொடங்குவதற்கு ஓராண்டு முன், 1890இல், செகாவ் குதிரை வண்டியிலும் படகிலும் சகாலின் தீவு வரை போனவர். அதை நினைத்தால் பக்கவாட்டுப் படுக்கை அரியாசனம்.

2020 மார்ச்சில் விமானங்கள் நின்றன. எதையும் பதிவு செய்திராததால் நட்டமில்லை என்று ஆறுதல் சொல்லிக்கொண்டோம். மறு ஆண்டு அந்தப் பணம் மருத்துவச் செலவில் கரைந்தது.

இப்போது மறுபடி ஒரு சீட்டு முடிந்திருக்கிறது. 2023 ஆகஸ்டிலிருந்து இந்தியர்களுக்கு இணையவழியே நுழைவு அனுமதி உண்டு. முன்பு அலைக்கழிக்கும் என்று அஞ்சிய அழைப்புக் கடிதம்கூட வேண்டாம். ஆனால் 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ருஷ்யா படையெடுத்தது. அடுத்த மாதமே விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் அங்கே சேவையை நிறுத்தின. எங்கள் அட்டைகள் செல்லாது, முழுப் பயணத்துக்கும் ரொக்கம் சுமக்க வேண்டும். அதற்காவது துணிப்பை தைத்துக்கொள்ளலாம்.

தைத்துத் தீராதது ஒன்றுண்டு. எங்கள் அலமாரியில் டால்ஸ்டாய்க்கு அருகில் நிற்கும் கோகோல் உக்ரைனின் பொல்தாவா மண்ணில் பிறந்தவர். ருஷ்ய இலக்கியம் என்று வாசித்தபோது அந்த வேறுபாட்டை நாங்கள் ஒருநாளும் எண்ணியதில்லை. போரின் நடுவே அங்கே உல்லாசமாக ரயிலேறுவது தகுமா என்கிறார் எங்களில் ஒருவர். பெட்டியில் எதிரே அமரும் கிழவிக்கும் போருக்கும் என்ன தொடர்பு, அவளோடு தேநீர் குடிக்கத்தானே போகிறோம் என்கிறார் மற்றவர். யார் எந்தப் பக்கம் என்பது வாரத்துக்கு வாரம் மாறுகிறது.

குறிப்பேட்டில் தொகைகளை எல்லாம் இன்றைய விலைக்குத் திருத்தி எழுதிவிட்டோம். கூட்டினால் பணம் போதும் என்றே வருகிறது. புறப்படும் தேதிக்கான கட்டத்தை மட்டும் இருவரும் இன்னும் நிரப்பவில்லை.